ஊசிக்கலாவின் மீது விழாத பழி

நீலகிரிச் சோலைகளின் ஓரங்களில் வளரும் முட்புதர் ஊசிக்கலா. இதற்கு ‘பெர்பெரிஸ் டிங்டோரியா’ என்று பெயரிட்டவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோ. ‘டிங்டோரியா’ என்பது சாயம் தருவதைக் குறிக்கும். இதன் கட்டையும் வேரும் மஞ்சள் நிறமுடையவை. புளிப்பான கருநீலப் பழத்தை மலைவாழ் மக்கள் உண்பர்.

இச்செடியின் பேரினமான பார்பெரி மீது ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒரு பழி இருந்தது. பார்பெரி வளரும் வேலியை ஒட்டிய வயலில் கோதுமை துருப்பிடிக்கும் என்று உழவர்கள் நம்பினர். 1865இல் ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி அந்நம்பிக்கைக்குச் சான்று அளித்தார்: கோதுமைத் தண்டைத் தாக்கும் கருந்துருப் பூஞ்சை தன் வாழ்வின் ஒரு பகுதியைப் பார்பெரி இலையில் கழிக்கிறது. இதன் அடிப்படையில் அமெரிக்க ஐக்கிய நாடு 1918இல் பார்பெரி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிக் கோடிக்கணக்கான புதர்களை அழித்தது.

இமயத்திலும் நீலகிரியிலும் பார்பெரி உண்டு. இந்தியக் கோதுமைக்கும் அதுவே பகையா? ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா இவ்வினாவுக்கு விடை தேடினார். சமவெளியின் கோடை வெப்பத்தில் துருவின் வித்துகள் பிழைப்பதில்லை. ஆயினும் நோய் ஆண்டுதோறும் மீள்கிறது. அவ்வாறெனில் அது எங்கே ஒதுங்கியிருக்கிறது? 1940இல் வெளியான தம் ஆய்வு நூலில் மேத்தா காட்டிய விடை பார்பெரி அன்று. மலைகளில் கோடையிலும் பயிராகும் கோதுமையே. நீலகிரி, பழனி மலைகளில் அப்பயிரின்மீது உயிர்த்திருக்கும் துரு, காற்றேறிச் சமவெளிக்கு இறங்குகிறது. 1970களில் நாகராஜன் முதலானோர் வங்கக் கடற்புயல்களின் காற்றோட்டத்தோடு இப்பரவலை இணைத்து விளக்கினர்.

இம்முடிவின் பொருள் சிறிதன்று. 1946–47இல் மத்திய இந்தியாவின் கோதுமையைக் கருந்துரு பேரளவில் அழித்தது. அமெரிக்க வழியை அப்படியே பின்பற்றியிருந்தால் மலைப்புதர்கள் அழிந்திருக்கும், நோயோ நின்றிருக்காது. மேத்தாவின் பரிந்துரை வேறு: மலைகளில் கோடைக் கோதுமையைக் கைவிடுதல். பின்னர் குன்னூரை அடுத்த வெலிங்டனில் அமைந்த இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம், துரு ஆண்டு முழுதும் வாழும் அச்சூழலையே பயன்படுத்தி நோய் தாங்கும் கோதுமை வகைகளைத் தெரிவு செய்தது.

ஓரிடத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை, மற்றோரிடத்தின் தட்பவெப்பத்திலும் பயிர்முறையிலும் மீண்டும் சோதிக்கப்பட வேண்டும் என்பதற்கு ஊசிக்கலா இன்றும் நிற்கும் சான்று.