நொடித்துப்போன வணிகரும் மதீனாவின் கடைத்தெருவும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் ஒருவர் பழங்களை விலைக்கு வாங்கினார். வாங்கிய பழங்களில் பேரிழப்பு நேர்ந்து கடன் பெருகியது. அவருக்குத் தருமம் செய்யுமாறு நபியவர்கள் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள், மக்களும் கொடுத்தார்கள். ஆயினும் திரண்ட தொகை கடனை அடைக்கப் போதவில்லை. அப்போது நபியவர்கள் கடன் கொடுத்தவர்களை நோக்கி, கிடைப்பதைப் பெற்றுக்கொள்ளும்படியும் அதற்குமேல் அவர்களுக்கு எதுவும் இல்லை என்றும் கூறிவிட்டார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் இந்நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

சில வரிகளே கொண்ட செய்திதான். ஆனால் அதை நிதானமாகப் படிக்கும்போது ஓர் உண்மை தென்படுகிறது. அல்லாஹ்வின் தூதரே கேட்டும், அன்ஸாரிகளும் முஹாஜிர்களும் வாழ்ந்த அந்த ஊரே கொடுத்தும், ஒரு மனிதரின் கடன் அடையவில்லை. ஆகவே இழப்பு ஊருக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் இடையே பங்கிடப்பட்டது. அந்த வணிகரின் பெயரை அறிவிப்பாளர் சொல்லவில்லை. ஏன் இத்தனை பழம் வாங்கினாய் என்று எவரும் அவரைச் சந்தியில் நிறுத்தி விசாரித்ததாகவும் அதில் இல்லை.

இத்தகைய மனிதரை அரபு மொழி 'முஃப்லிஸ்' என்கிறது. 'ஃபல்ஸ்' என்பது செப்புக்காசு. வெள்ளித் திர்ஹம் புழங்கிய கையில் செப்புக்காசு மட்டுமே எஞ்சிய நிலை என்று மொழி அறிஞர்கள் இச்சொல்லுக்கு விளக்கம் தருவர். நம்மூரில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்பார்கள். சொல்லும்போதே குரலில் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொள்ளும். மறுமையில் முஃப்லிஸ் யார் என்பதை விளக்கும் நபிமொழி நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. தொழுகையோடும் நோன்போடும் வந்தும், பிறரை ஏசியும் அடித்தும் அவர்தம் பொருளைத் தின்றும் நன்மைகளை இழந்துவிடும் மனிதரைப் பற்றிய எச்சரிக்கை அது. அது சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் ஜும்ஆவில் அதைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் இம்மையின் முஃப்லிஸைப் பற்றியும் மார்க்கம் விரிவாகப் பேசியிருக்கிறது என்பதை நாம் எடுத்துச் சொல்வது குறைவு.

ஹிஜ்ரத் எனும் நாடு துறந்த பயணத்தை ஈமானின் வரலாறாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். அதனுள் பிழைப்பின் வரலாறு ஒன்றும் இருக்கிறது. கி.பி. 622இல் மக்காவிலிருந்து மதீனா வந்தவர்களில் பலர் வணிகர்கள். சிரியாவுக்கும் யமனுக்கும் சரக்கு அனுப்பிப் பழகிய கூட்டம் அது. வந்து சேர்ந்த ஊரோ பேரீச்சந் தோப்புகளின் ஊர். கையில் முதல் இல்லை; விட்டுவந்த வீடுகள் பிறர் கைக்குப் போயின. ஸுஹைப் (ரலி) போன்றோர், தாம் சம்பாதித்த செல்வம் முழுவதையும் குறைஷியரிடம் விட்டுக்கொடுத்த பின்னரே ஊரைவிட்டு வெளியேற முடிந்தது.

அன்ஸாரிகள் தம் தோப்புகளையே பாதியாகப் பிரித்துத் தர முன்வந்தார்கள். நபியவர்கள் அதை ஏற்கவில்லை. பின்னர், முஹாஜிர்கள் தோப்பில் உழைப்பது, விளைச்சலை இரு சாராரும் பகிர்ந்துகொள்வது என்று முடிவாயிற்று. புகாரீயில் அபூஹுரைரா (ரலி) வாயிலாகப் பதிவாகியுள்ள இந்த ஏற்பாட்டை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கொடுக்க வந்தவரின் சொத்து அவரிடமே இருந்தது. வந்தவருக்கு வேலையும் பங்கும் கிடைத்தன. அகதி என்ற நிலையில் ஒருவரும் நெடுங்காலம் அமர்த்திவைக்கப்படவில்லை.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் செய்தி எல்லாரும் அறிந்ததே. ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னபோது, அவர் துஆச் செய்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார். பனூ கைனுகா யூதர்களின் சந்தை அவருக்குக் காட்டப்பட்டது. அன்று மாலை பாலாடைக்கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டு வீடு திரும்பினார். சில நாட்களில், ஒரு பேரீச்சங்கொட்டை எடையுள்ள பொன்னை மஹராகக் கொடுத்து மணம் முடித்தார். பின்னாளில் அவர் பெருஞ்செல்வர் ஆனதையே நாம் விரித்துரைக்கிறோம். எனக்கோ அந்த நெய்யும் பாலாடைக்கட்டியும்தான் பாடமாகத் தெரிகின்றன. மக்காவின் பெருவணிகர் ஒருவர், அன்றன்று வாங்கி அன்றன்று விற்கும் சில்லறைச் சரக்கிலிருந்து தொடங்கினார். புதிய ஊரில் அவருக்குக் கடன் நம்பிக்கை இல்லை. ஆகவே விரைவில் காசாகும் பொருளைக் கையிலெடுத்தார். பெரிய கடை வைத்திருந்தவர் தள்ளுவண்டி தள்ளுவதா என்று நம்மவர் தயங்கும் இடம் இதுதான்.

சந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னர் முஸ்லிம்களுக்கென மதீனாவில் ஒரு சந்தை அமைந்தது. அதில் வரி இல்லை என்று நபியவர்கள் அறிவித்ததாக பலாதுரீ போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். சந்தையில் நிலையான இடம் எவருக்கும் இல்லை என்பதும், பள்ளிவாசலைப் போல முதலில் வந்தவருக்கே அன்றைய இடம் என்பதும் உமர் (ரலி) அவர்களின் நடைமுறையாகக் கூறப்படுகிறது. முதல் இல்லாத ஒருவர் காலையில் எழுந்து, ஒரு கூடைச் சரக்கோடு வந்து, பெருவணிகரின் பக்கத்தில் அமர்ந்து விற்க முடிந்தது. இன்று ஒரு சிறு கடைக்கே பகடி என்றும் முன்பணம் என்றும் கேட்கும் தொகையை எண்ணிப் பார்த்தால், விழுந்தவர் எழ முடியாததன் காரணம் பாதி விளங்கிவிடும். கடைக்கட்டடம் வைத்திருப்போரில் நம் சமுதாயத்தினரும் உண்டு. நம் பள்ளிவாசல்களின் வக்ஃபுக் கடைகளும் உண்டு.

கேட்டுவந்த அன்ஸாரியின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபியவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டு, ஒரு திர்ஹத்தில் வீட்டுக்கு உணவும் மற்றதில் கோடரியும் வாங்கச் செய்து, தம் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்த செய்தியை மதரஸாவின் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆனால் பிறரிடம் கேட்பதைவிடக் கயிற்றை எடுத்துச் சென்று விறகு சுமந்து விற்பதே மேல் என்ற கருத்து புகாரீயிலேயே உறுதியாக இருக்கிறது.

நொடித்தவர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஜுஹைனா குலத்தைச் சேர்ந்த உஸைஃபிஉ என்பவரின் செய்தி வருகிறது. ஹாஜிகளுள் முந்திச் சென்றவர் என்று பெயர் வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக விலையுயர்ந்த ஒட்டகங்களைக் கடனுக்கு வாங்கி வேகமாக ஓட்டிச் செல்வார். ஒருநாள் கடன் அவரைச் சூழ்ந்துகொண்டது. விவகாரம் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் சென்றது. பெயருக்காகக் கடன்பட்ட அவருடைய போக்கை உமர் (ரலி) மக்கள்முன் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். அவரிடம் கடன் வரவேண்டியவர்கள் மறுநாள் காலை வந்தால், இருப்பதைப் பங்கிட்டுத் தருவதாக அறிவித்தார்கள். கடனின் தொடக்கம் கவலை, முடிவு சண்டை என்றும் எச்சரித்தார்கள். கல்யாண மண்டபத்துக்கும் வெளிநாட்டுக் காருக்கும் வட்டிக்கு வாங்கும் இக்காலத்தில் உஸைஃபிஉவின் ஒட்டகத்துக்கு உறவுகள் பல. அப்படிப்பட்டவருக்கும் பங்கீடு ஒழுங்காகவே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவரை அடிக்கவோ, அவர் வீட்டுப் பெண்களிடம் போய்க் கத்தவோ கடன்காரர்களுக்கு உரிமை தரப்படவில்லை.

இவற்றிலிருந்தே ஃபிக்ஹு அறிஞர்கள் திவால் பற்றிய சட்டங்களை வகுத்தார்கள். கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் அவற்றுக்கு அடித்தளம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே கூஃபாவில் துணி வணிகம் செய்தவர்கள். கடனைக் காரணம் காட்டி, அறிவும் வயதும் நிறைந்த ஒருவரின் கொடுக்கல் வாங்கல் உரிமையைக் காழீ முடக்குவதை அவர்கள் ஏற்கவில்லை. மனிதரின் தகுதியைப் பறிப்பது பண இழப்பைவிடப் பெரிய தீங்கு என்பது அவர்களின் வாதம். அவர்களின் மாணவர்கள் இருவரும் கடன் கொடுத்தவர்களின் உரிமையைக் கருதி வேறுபட்டனர். ஹன்பலீ அறிஞர்கள், சொத்தை விற்றுக் கடனடைக்கும்போதும் குடியிருக்கத் தேவையான வீட்டையும், தொழிலாளியாயின் அவருடைய கருவிகளையும் விட்டுவைக்க வேண்டும் என்றனர். வணிகராயின் வணிகம் செய்யச் சிறிது முதலையும் விட்டுவைக்கச் சொன்னார்கள். தையற்காரரின் இயந்திரத்தைத் தூக்கிச் சென்றுவிட்டு அவரிடம் கடனைக் கேட்பதில் பொருளில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி ஸகாத். அதைப் பெறும் எட்டு வகையினரில் ஆறாவது வகை கடன்பட்டோர். அது போக, ஏழைக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்கு, ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தம் 'அல்மஜ்மூஉ' நூலில் தரும் விளக்கம், ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களில் ஒவ்வொரு ரமளானிலும் வாசிக்கப்பட வேண்டியது. தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலைச் செய்யும் கருவியோ அதன் விலையோ தரப்பட வேண்டும் என்கிறார் அவர். வணிகராயின், இலாபத்தில் குடும்பம் நடக்கும் அளவுக்கு முதல். அதற்கு எடுத்துக்காட்டும் தருகிறார். கீரை விற்பவருக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம். மணி, ரத்தினம் விற்பவருக்கு, அதைவிடக் குறைவாக முடியாதென்றால், பத்தாயிரம் திர்ஹம். ரொட்டி சுடுபவர், அத்தர் விற்பவர், நாணயம் மாற்றுபவர் ஆகியோருக்கு அவரவர் தொழிலுக்கு ஏற்ப. தையற்காரர், தச்சர், வண்ணார், கசாப்புக்காரர் ஆகியோருக்கு அவரவர் கருவிகள்.

பாடத்தில் இந்த இடம் வரும்போது, ரத்தின வணிகருக்கு எதற்கு ஸகாத் என்று எந்த மாணவராவது கேட்பார். அவருக்குத் தெரிந்த தொழில் அதுதான் என்பதே விடை. ஏழை என்றால் ஒரே அச்சில் வார்த்த மனிதர் என்று அந்த அறிஞர்கள் எண்ணவில்லை. ஹனஃபீ மத்ஹபில் ஒருவருக்கு நிஸாபை எட்டும் அளவு கொடுப்பது விரும்பத்தகாதது எனினும், கடனாளியும் பெருங்குடும்பம் உடையவரும் அதிலிருந்து விலக்குப் பெறுகின்றனர். நாமோ இருபத்தேழாம் இரவை ஒட்டி நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொண்டு, வாசலில் நீளும் வரிசைக்குப் பங்கிடுகிறோம். சபுராளியாகப் பல்லாண்டு வளைகுடாவில் உழைத்து, வேலை போய் ஊர் திரும்பியவர் அந்த வரிசையில் நிற்கமாட்டார். நின்றாலும் அந்தத் தாளைக் கொண்டு என்ன செய்வார்? ஒரு மஹல்லாவின் ஸகாத் முழுவதும் ஒன்று திரண்டால், ஆண்டுக்குச் சிலரையாவது கடையிலோ பட்டறையிலோ திரும்ப அமர்த்திவிட முடியும். இப்படிச் செய்துவரும் பைத்துல்மால்கள் தமிழகத்தில் இல்லாமலில்லை. போதுமான அளவில் இல்லை.

அரசே இதைச் செய்த காலமும் உண்டு. ஹிஜ்ரி 99 முதல் 101 வரை ஆண்ட உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்), இராக்கின் ஆளுநரிடம் நிதி மிஞ்சியிருப்பதை அறிந்து, மடமையாலோ ஊதாரித்தனத்தாலோ அன்றிக் கடன்பட்டவர்களின் கடனை அடைக்கச் சொன்னார்கள். அதன் பிறகும் மிஞ்சியது. மணமுடிக்க வசதியற்றோருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். மேலும் மிஞ்சவே, ஜிஸ்யா செலுத்தும் முஸ்லிமல்லாத உழவர்களுக்கு நிலத்தைப் பண்படுத்தக் கடன் கொடுக்கச் சொன்னார்கள். அபூஉபைதின் 'கிதாபுல் அம்வால்' இதைப் பதிவு செய்கிறது.

கடன்பட்ட வீட்டினுள் என்ன நடக்கிறது என்பதைக் காட்டுவது ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் செய்தி. மக்கள் அவர்களிடம் அமானிதம் வைக்க வருவார்கள். தொலைந்துவிடுமோ என்ற அச்சத்தால், அதைக் கடனாகவே பெற்றுக்கொள்வதாக அவர்கள் சொல்வார்கள். ஹிஜ்ரி 36இல் ஜமல் போரன்று மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் பெருங்கவலை கடனே என்று கூறி, அடைக்க இயலாமற்போனால் தம் எஜமானிடம் உதவி கேட்கச் சொன்னார்கள். உங்கள் எஜமான் யார் என்று மகன் விளங்காமல் கேட்டார். அல்லாஹ் என்றார்கள் தந்தை.

அன்றே அவர்கள் கொல்லப்பட்டார்கள். கணக்கிட்டபோது கடன் 22 இலட்சம் இருந்தது. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) எவ்வளவு கடன் என்று கேட்டபோது, மகன் ஓர் இலட்சம் என்றுதான் முதலில் சொன்னார். உண்மைத் தொகையைச் சொல்ல நா எழவில்லை. அதற்கே அந்தச் சொத்து போதாது என்று ஹகீம் கருதியபோதுதான் முழுத் தொகையையும் வெளிப்படுத்தினார். தந்தை 1,70,000க்கு வாங்கிய 'அல்காபா' நிலம் 16 இலட்சம் என்று மதிப்பிடப்பட்டுப் பங்கு பங்காக விற்கப்பட்டது. நான்கு இலட்சம் வரவேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி), வேண்டுமானால் விட்டுத்தருவதாகச் சொன்னார், மகன் மறுத்தார். அவகாசம் தருவதாகச் சொன்னார். அதையும் மறுத்து, நிலத்தில் ஒரு பகுதியை அளந்து கொடுத்தார்.

கடன் அடைந்தபின் உடன்பிறந்தோர் பாகம் கேட்டார்கள். அப்துல்லாஹ் இணங்கவில்லை. ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர் எவரேனும் இருந்தால் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று ஹஜ்ஜுக்கு மக்கள் கூடும் இடத்தில் ஆண்டுதோறும் அறிவித்தார். நான்கு ஹஜ்ஜுகள் கழிந்த பின்னரே சொத்தைப் பங்கிட்டார்.