போர்முனைக்குப் பின் வரும் ஆண்டுகள்

போர் முடிந்தபின் வெற்றிவிழா நடைபெறுகிறது, பதக்கங்கள் வழங்கப்படுகின்றன. சீருடையைக் களைந்து ஊர் திரும்பும் வீரனை அதன்பின் வரலாறு பெரும்பாலும் பின்தொடர்வதில்லை. அவன் எதைக்கொண்டு பிழைத்தான், எத்தனை முறை தோற்றான், எங்ஙனம் எழுந்தான் என்பன ஏடேறாமலே மறைந்து போகின்றன. அவ்வாறு மறையாது எஞ்சிய வரலாறு ஒன்றை இங்கே காண்போம்.

2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சூரரைப் போற்று’ திரைப்படத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். அதன் நாயகன் சோழவந்தானைச் சேர்ந்த விமானப்படை வீரன். படையை விட்டு வெளியேறிய அவன், விமான நிறுவனம் தொடங்கும் கனவை நோக்கியே நடக்கிறான். ஆனால் அக்கதைக்கு வித்தான கேப்டன் ஜி. ஆர். கோபிநாத், கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்துக் கோரூரில் வளர்ந்தவர், தரைப்படை அதிகாரி, 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரில் பணியாற்றியவர். அவர் படையை விட்டு விலகியது 1970-களின் இறுதியில். வானூர்தித் தொழிலில் இறங்கியதோ 1997-இல். இடைப்பட்ட ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளே நம் சிந்தனைக்கு உரியவை.

முப்பது வயது நிறையுமுன் அவர் படையை விட்டபோது, குடும்பத்தின் பூர்விக நிலம் ஹேமாவதி அணையின் நீரில் மூழ்கியிருந்தது. ஈடாக அரசு அளித்த நிலம் ஜவகல் என்னும் ஊரில் இருந்தது. கிரிக்கெட் வீரர் ஜவகல் ஸ்ரீநாத்தின் பெயரில் நாம் கேட்டிருக்கும் அதே ஊர்தான். மழை குறைந்த அவ்வறண்ட நிலத்தில் கூடாரம் அடித்துத் தங்கி உழவைத் தொடங்கினார் கோபிநாத். தென்னை வைத்தார், மாடு வளர்த்தார், கோழி வளர்த்தார், பட்டுப்புழு வளர்த்தார். நட்டங்கள் பல கண்டார். இயற்கையோடு இயைந்த முறையில் அவர் மேற்கொண்ட பட்டுப்புழு வளர்ப்புக்கு 1996-இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

உழவோடு அவர் நின்றுவிடவில்லை. ஹாசன் நகரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையம் வைத்தார். உணவு விடுதி நடத்தினார். பாசனக் கருவிகள் விற்றார். போர்க்களம் கண்ட அதிகாரி, ஒரு சிறுநகரத்தில் கல்லாவுக்குப் பின்னே அமர்ந்து கணக்குப் பார்த்தார். அதனை அவர் இழிவாகக் கருதவில்லை.

1997-இல் இராணுவ நண்பர் கேப்டன் கே. ஜே. சாமுவேலுடன் சேர்ந்து ஹெலிகாப்டர் நிறுவனம் தொடங்கினார். 2003-இல் ஏர் டெக்கான் பறந்தது. முதன்முதலில் அது இணைத்தது பெங்களூரையும் ஹூப்ளியையும். விமானமே காணாத சிறுநகர மக்களைப் பயணிகளாக எண்ணிப் பார்க்க, அவர்களிடையே கடை நடத்தியவரால் முடிந்தது. 2007-இல் அந்நிறுவனம் கிங்ஃபிஷர் வசம் சென்றது. 2012-இல் கிங்ஃபிஷரும் பறப்பதை நிறுத்தியது. நிறுவனம் நிலைக்கவில்லை. எனினும் எளியவரும் வானில் பறக்கலாம் என்ற எண்ணம் நாட்டில் நிலைத்துவிட்டது.

இவ்வரலாற்றை வெறும் வெற்றிக்கதையாகப் படித்தல் தகாது. கோபிநாத்துக்கு நிலம் இருந்தது. அதிகாரிக்குரிய கல்வி இருந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு இவ்விரண்டும் வாய்ப்பதரிது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞருள் 25 விழுக்காட்டினர் வரையே நிலைத்த பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் நான்கே ஆண்டுகளில், ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாயுடன், ஓய்வூதியமின்றி, இருபதுகளின் தொடக்கத்திலேயே ஊர் திரும்புவர். வங்கி வாயிலில் காவல் நிற்பது ஒன்றே அவர்களுக்கு உரிய வேலை என நாம் முடிவு கட்டிவிடலாமா?

விருத்தாசலம், வேப்பூர் வட்டாரத்துப் பீங்கான் தொழிலாளர் நன்கறிவர்: சூளை ஆறுமுன் அவசரப்பட்டுத் திறந்தால் கலம் விரிசல் விடும். திரும்பிவந்த வீரனுக்கும் அத்தகைய காலம் தேவை. அவன் தொடங்கும் சிறு கடை முதலாண்டிலேயே நட்டப்பட்டால், “இவனுக்கு எதற்கு வியாபாரம்?” என்று பேசுவது எளிது. இரண்டாம் முறை கடன் தருவதும், மூன்றாம் முறை அவன் கடையில் பொருள் வாங்குவதும் அரிது. போருக்குச் செல்பவனை மாலையிட்டு வழியனுப்பும் ஊர், திரும்பி வந்தவன் தோற்று எழுவதற்கும் சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும் அன்றோ?