பதினான்கு வயது மன்னன் தந்த வாக்கு

இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டு 1377-இல் முடிசூடியபோது அவனுக்கு வயது பத்து. அவன் சரித்திரத்தில் நாம் முதலில் நோக்கவேண்டுவது 1381-ஆம் ஆண்டுக் குடியானவர் கிளர்ச்சியே.

கொள்ளைநோயில் மக்கள் பெருவாரியாக மாண்டபின், எஞ்சிய தொழிலாளர் அதிகக் கூலி கேட்டனர். நோய்க்கு முந்திய கூலிக்குமேல் வாங்கலாகாதென்றது 1351-ஆம் ஆண்டுச் சட்டம். கூலிக்கு வரம்பு கட்டியோர் வரிக்குக் கட்டினார்களில்லை! யுத்தச் செலவுக்கெனத் தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம் தலைவரி விதித்தனர். கெண்டு, எஸ்ஸெக்ஸ் குடியானவர் திரண்டு லண்டன் புகுந்தனர்.

ஜூன் 14-இல் மைல் எண்டு என்னுமிடத்தில் மன்னன் அவர்களைச் சந்தித்து, பண்ணையடிமை முறை ஒழிந்ததெனச் சாசனங்கள் அளித்தான். நம்பிய பலர் ஊர் திரும்பினர். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் அவர்தம் தலைவன் வாட் டைலர் மன்னன் கண்ணெதிரே வெட்டுண்டான். கொதித்தெழுந்த கூட்டத்தின் முன் தனியே குதிரையைச் செலுத்தி, இனித் தானே அவர்கட்குத் தலைவனென்றான் அச்சிறுவன். அத்துணிவை நாம் மறுக்கவில்லை. அத்துணிவு யாருக்குப் பயன்பட்டது என்பதே நம் கேள்வி. ஜூலை 2-இல் சாசனங்கள் யாவும் செல்லாதனவாயின. பிறப்பில் யாவரும் சமமெனப் பிரசங்கித்த பாதிரியார் ஜான் பால் ஜூலை 15-இல் கொல்லப்பட்டார்.

1399-இல் சிற்றப்பன் மகன் ஹென்றி ரிச்சர்டை முடியிறக்கினான். மறு ஆண்டே அவன் சிறையில் மாண்டான். பண்ணையடிமை முறையோ, உழுவதற்கு ஆள் கிடையாமல் பிரபுக்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட நேர்ந்தமையால், அடுத்த நூற்றாண்டில் சாசனமின்றியே பெரும்பாலும் மறைந்தது.