வாத்தராசே: ஓர் ஆறும் அழிக்கப்பட்ட ஓர் ஊரும்

ஜப்பான் என்றவுடன் நம் வட்டத்துக் கவிஞர்களின் நெஞ்சில் தோன்றுவன ஐக்கூவும் செர்ரி மலரும் ஃபுஜி மலையும் ஆகும். ஐக்கூ தமிழில் வேர்கொண்ட நாள்தொட்டு, அந்நாட்டை நாம் அழகின் வழியாகவே அறிந்து வந்துள்ளோம். அவ்வறிவு பிழையன்று, ஆயின் முழுமையும் அன்று. அந்நாட்டு ஆறு ஒன்று பல்லாண்டுகள் நஞ்சைச் சுமந்தோடியது. அந்நஞ்சின் பொருட்டு ஓர் ஊரே நிலப்படத்திலிருந்து நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட அவ்வூர் எழுத்திலும் நினைவிலும் நிலைத்து நின்று, பின்னாளில் ஓர் ஏரியின் கரையையே வளைத்தது. அவ்வாற்றின் பெயர் வாத்தராசே.

ஆறும் நிலமும்

டோக்கியோவுக்கு வடக்கே, தொச்சிகி, குன்மா என்னும் இரு மாகாணங்களின் எல்லையிலுள்ள சுகாய் மலைப்பகுதியில் வாத்தராசே தோன்றுகிறது. ஆஷியோ என்னும் குறுகிய மலைப்பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, நெசவுக்குப் பெயர்பெற்ற கிர்யூ, ஆஷிகாகா ஆகிய நகரங்களைத் தொட்டு, கான்தோ சமவெளியில் பரந்து, கோகா நகருக்கு அருகில் தோனே என்னும் பேராற்றில் கலக்கிறது. இதன் நீளம் ஏறத்தாழ 107 கிலோமீட்டர். கடத்தற்கேற்ற ஆழமற்ற துறை என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். எட்டாம் நூற்றாண்டில் நிக்கோ மலைத்தலத்தைத் தோற்றுவித்த ஷோதோ என்னும் பௌத்தத் துறவி, ஆற்றைக் கடக்க வழியறியாது நின்று, பின் அத்தகைய துறையைக் கண்டு இப்பெயரிட்டார் என்பது ஐதிகம்.

மலையும் சமவெளியும் இவ்வாற்றால் ஒன்றையொன்று வளர்த்தன. வெள்ளம் வருங்கால் மலைக்காட்டின் இலைமட்கும் வண்டலும் வயல்களில் படிந்தன. அதன்பின் மிகுந்த எருவின்றியே பயிர் செழித்தது. ஆற்றில் ஆயு என்னும் நன்னீர் மீன் நிறைந்திருந்தது; அதனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல. வெள்ளத்தை அம்மக்கள் பகையாக மட்டும் கருதவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பின்னர் நேர்ந்த கேட்டின் அளவு அதனாலேயே விளங்கும்.

செம்பும் நஞ்சும்

ஆஷியோவில் 1610ஆம் ஆண்டு முதல் தொகுகாவா ஆட்சியாளரின் மேற்பார்வையில் செம்பு எடுக்கப்பட்டது. நிக்கோ கோயிலுக்கும் எடோ கோட்டைக்கும் அச்செம்பு பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளம் குன்றியிருந்த அச்சுரங்கத்தை 1877-இல் ஃபுருகவா இச்சிபே என்னும் வணிகர் வாங்கினார். 1880களில் வளமான செம்புப் படிவுகள் கண்டறியப்பட்டன. மிகச் சில ஆண்டுகளில் நாட்டின் செம்பு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் ஆஷியோவிலிருந்தே கிடைத்தது. தந்திக்கம்பிக்கும் படைக்கருவிக்கும் அந்நியச் செலாவணிக்கும் செம்பு இன்றியமையாததாக இருந்த காலம் அது.

கேடு இருவழியில் வந்தது. சுரங்கத்தைத் தாங்கும் மரத்திற்கும் உலைக்குரிய கரிக்கும் மலைக்காடு வெட்டப்பட்டது. எஞ்சிய மரங்களை உருக்காலையின் கந்தகப் புகை கருக்கியது. மரமற்ற மலை மழைநீரைப் பிடித்து வைக்கவில்லை. வெள்ளம் முன்னினும் கடுகி வந்தது. வரும்போது செம்பும் ஆர்செனிக்கும் கலந்த கழிவைச் சுமந்து வந்தது. இவ்வாறு வண்டலைத் தந்த அதே வெள்ளம் நஞ்சைத் தரலாயிற்று. 1880களின் நடுவில் ஆயு மீன்கள் செத்து மிதந்தன. 1890, 1896 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களுக்குப் பின் வயல்கள் பாழாயின. ஆற்றின் தலைப்பகுதியிலிருந்த மட்சுகி என்னும் ஊர், புகையால் முசுக்கட்டைச் செடியும் பயிரும் கருகி, 1902-இல் கைவிடப்பட்டது.

தனாகா ஷோசோ

இவ்வாற்றின் வரலாற்றில் நடுநாயகமாக விளங்குபவர் தனாகா ஷோசோ. 1841-இல், இன்றைய சானோ நகரைச் சேர்ந்த கொனாகா என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1890-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறுஆண்டே ஆஷியோ நஞ்சு குறித்து அவையில் வினா எழுப்பினார். அப்போது வேளாண், வணிகத் துறை அமைச்சராக இருந்தவர் முட்சு முனேமிட்சு. அவருடைய மகன்களுள் ஒருவர் ஃபுருகவாவின் வளர்ப்பு மகன் ஆவார். நடுவர் எங்கே நின்றார் என்பதை இவ்வுறவே காட்டும்.

உழவர்கள் திரளாகத் தலைநகர் நோக்கி நடந்தனர். 1897-இல் அரசு, சுரங்கத்திற்கு 37 கட்டளைகள் அடங்கிய ஆணையைப் பிறப்பித்தது. வடிகுளங்கள் கட்டப்பட்டன, கந்தகப் புகையோ அடங்கவில்லை. 1900 பிப்ரவரி 13 அன்று கவாமாதா என்னுமிடத்தில் உழவர்களைக் காவலர் தாக்கிச் சிறைப்படுத்தினர். 1901 அக்டோபரில் தனாகா தம் பதவியைத் துறந்தார். அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று, நாடாளுமன்றத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பேரரசரின் வண்டியை நோக்கி விண்ணப்பத்தை ஏந்தி ஓடினார். காவலர் பிடித்தனர். வழக்குத் தொடுத்தால் செய்தி பெருகும் என்று எண்ணிய அரசு, அவரைப் பித்தரெனக் கருதி விடுவித்தது.

எழுத்தாளர் கடன்

அவ்விண்ணப்பத்தை வரைந்து கொடுத்தவர் இதழாளர் கோதோகு ஷூசுயி; தனாகா அதனைத் திருத்தினார். மட்சுமோதோ எய்கோ என்னும் பெண் செய்தியாளர் நஞ்சுபட்ட ஊர்களுக்கு நேரிற் சென்று, கண்டவற்றைத் தொடராக எழுதினார். அது 1902-இல் நூலாயிற்று. பெண்கள் இதழியலுள் அரிதாகவே அடியெடுத்து வைத்த காலத்தில் இது நிகழ்ந்தது. தொலைவிலுள்ள மொரியோகாவில் பள்ளி மாணவராக இருந்த இஷிகாவா தகுபோகு, தோழர்களுடன் செய்தித்தாளின் சிறப்பிதழ்களைத் தெருவில் விற்று, கிடைத்த பொருளை இம்மக்களுக்கு அனுப்பினார். பின்னாளில் தங்கா என்னும் ஐந்தடிப் பாவிற்குப் புதுநெறி வகுத்த கவிஞர் இவரே.

யனாகா

அரசு கண்ட தீர்வு வேறு. வாத்தராசே தோனேயில் கலக்கும் தாழ்நிலத்தில் வெள்ளத்தைத் தேக்கிவைக்க முடிவு செய்தது. அந்நிலத்தில் யனாகா என்னும் ஊர் இருந்தது. ஏறத்தாழ 450 குடும்பங்கள், 2,700 மக்கள். உடைந்த கரைகள் செப்பனிடப்படவில்லை. நிலம் குறைந்த விலைக்கு வாங்கப்பட்டது. தனாகா 1904-இல் அவ்வூரிலேயே குடியேறினார். 1906-இல் யனாகா தனியூர் என்னும் தகுதியை இழந்து, அண்டையூரோடு இணைக்கப்பட்டது. 1907 கோடையில், எஞ்சிய 16 வீடுகள் நிலக் கையகச் சட்டத்தின்கீழ் இடித்துத் தள்ளப்பட்டன. அப்போது உள்துறை அமைச்சர் ஹாரா தகாஷி. அவர் அதற்குச் சற்று முன்னர் ஃபுருகவா நிறுவனத்தின் துணைத்தலைவராக இருந்தவர்.

அவ்வாண்டே இருபது வயது இளைஞரான அராஹாதா கன்சோன், யனாகாவின் அழிவை வரலாறாக எழுதி வெளியிட்டார். நூல் வெளிவந்தவுடனே தடைசெய்யப்பட்டது. ஊரை அழித்த அரசு, ஊர் அழிந்த கதையையும் அழிக்க முயன்றது.

மக்கள் பலர் சிதறினர். சிலர் வடகோடியிலுள்ள ஹொக்கைடோவின் குளிர்நிலத்திற்கு அனுப்பப்பட்டனர். சிலரோ இடிபாடுகளிடையே குடிசை கட்டி 1917 வரை அவ்விடத்தை விட்டகலவில்லை. தனாகா தம் இறுதி ஆண்டுகளில் ஆறுகளை ஆராயும் பணியை மேற்கொண்டார். எழுபதை நெருங்கிய வயதில் ஊர்ஊராக நடந்து, வெள்ளத்தின் உயரத்தையும் கரைகளின் நிலையையும் கேட்டுக் குறித்தார். தலைநகர்ப் பக்கம் செல்லும் எடோ ஆற்றின் வாயை ஒடுக்கியதாலேயே நீர் பின்னோக்கி ஏறி வாத்தராசேச் சமவெளியை மூழ்கடித்தது என்பது அவர் வாதம். மலை, காடு, ஆறு, வயல் ஆகியவற்றை ஒரே உடலாகக் கண்ட நோக்கு அது. மலையையும் ஆற்றையும் ஊரையும் மனிதரையும் சிதைக்காமையே மெய்யான நாகரிகத்தின் அளவுகோல் என்ற கருத்தினை 1912ஆம் ஆண்டு நாட்குறிப்பில் பதிந்தார். 1913 செப்டம்பர் 4 அன்று மறைந்தபோது அவரிடம் எஞ்சியது ஒரு பையே. அதில் விவிலியத்தின் புதிய ஏற்பாடு, நாட்டின் அரசியல் சட்டம், நாட்குறிப்பு ஆகியவற்றோடு சில கூழாங்கற்களும் இருந்தன.

நாணற்காடும் ஏரியும்

அதன் பின்னரும் கேடு ஓய்ந்துவிடவில்லை. 1956-இல் புதிய உலைமுறை வந்த பின்னரே கந்தகப் புகை கட்டுக்குள் வந்தது. 1958-இல் கழிவுமேடு ஒன்று சரிந்து கீழ்நிலத்து வயல்களைக் கெடுத்தது. அவ்வுழவர்கள் தொடர்ந்த முறையீட்டில், 1974-இல் ஏற்பட்ட உடன்பாட்டின் வழியே நிறுவனம் இழப்பீடு தந்தது. சுரங்கம் 1973-இல் மூடப்பட்டது. மூடி 38 ஆண்டுகள் கழிந்தும், 2011 மார்ச் நிலநடுக்கத்தில் அதே கழிவுமேடு மீண்டும் சரிந்து, ஆற்றுநீரில் ஈயம் வரையறைக்கு மேல் காணப்பட்டது. மொட்டையான ஆஷியோ மலைகளில் மண்ணரிப்பைத் தடுக்கும் பணி பல்லாண்டுகளாக நடைபெற்று வருகிறது. 1996 முதல் பொதுமக்களும் ஆண்டுதோறும் மண்சுமந்து ஏறி மரம் நடுகின்றனர்.

யனாகா இருந்த வெள்ளத்தேக்க நிலம் இன்று ஏறத்தாழ 33 சதுர கிலோமீட்டர்ப் பரப்புடையது. அதன் பெரும்பகுதி நாணற்காடு. ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் காய்ந்த நாணலுக்குத் தீயிடுவர். சாம்பலின் மீது கதிரொளி படவே, நாணலின் நிழலில் வாழவியலாத அரிய செடிகள் முளைக்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் வகைச் செடிகொடிகள் இங்கே உள்ளன. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் நாணலுள் அடைகின்றன. 2012-இல் இந்நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2019 அக்டோபர்ப் பெரும்புயலின்போது 16 கோடி கனமீட்டர் அளவு நீரைத் தாங்கி, கீழுள்ள நகரங்களைக் காத்தது. 2020-இல், ஜப்பானியக் காடுகளில் ஒருகாலத்தில் அற்றுப்போயிருந்த கீழைநாட்டு நாரை இங்கே கூடுகட்டிக் குஞ்சு பொரித்தது.

இவை மகிழ்தற்குரியன. ஆயினும் இந்நாரைகள் இரைதேடும் சேறு, 450 குடும்பங்களின் வயலாக இருந்தது. இதனை நமக்கு உணர்த்துவது, அங்குள்ள யனாகா ஏரியின் வடிவம். 1970களில் இந்நிலத்தில் நீர்த்தேக்கம் வெட்டத் திட்டமிடப்பட்டபோது, கோயில் இருந்த இடமும் கல்லறைகளும் வீட்டு மேடுகளும் மறையவிருந்தன. யனாகா மக்களின் வழித்தோன்றல்கள் எதிர்த்து நின்றனர். திட்டம் திருத்தப்பட்டது, ஊரிருந்த பகுதியை விட்டு ஏரியின் கரை உள்வாங்கிற்று. அதனாலேயே, 1990-இல் முழுமையுற்ற அவ்வேரி, வானிலிருந்து நோக்குவார்க்கு நெஞ்சின் வடிவாகத் தோன்றுகிறது. காண்போர் அதனைக் காதலின் சின்னமென வியப்பர். அவ்வடிவின் பள்ளமான பகுதி, நீரில் மூழ்க மறுத்த ஓர் ஊரின் எல்லையாகும்.

நிறைவுரை

ஊர் இடிக்கப்பட்ட ஆண்டிற்கும் கரை வளைந்த ஆண்டுகளுக்கும் இடையே ஏறக்குறைய எழுபது ஆண்டுகள். அவ்விடைவெளியை நிரப்பியவை, தடைசெய்யப்பட்ட ஒரு நூல், ஒரு பெண் செய்தியாளரின் தொடர், ஒரு முதியவரின் நாட்குறிப்புகள், இடம்பெயர்ந்தோர் தம் மக்களுக்குச் சொல்லிவந்த ஊர்ப்பெயர் ஆகியன. அவை யனாகாவை இடிபடாமற் காக்கவில்லை. ஆயினும், அங்கே ஓர் ஊர் இருந்தது என்பதை எவரும் மறுக்கவியலாதபடி செய்தன.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தார் ஆற்றையும் நாணலையும் நாரையையும் தொடர்ந்து பாடுவர்; பாடுதல் வேண்டும். பாடுமுன், அந்நாணல் எவருடைய வயலில் நிற்கிறது என்று ஒருமுறை கேட்டறிதலும் கவிஞர் கடனேயாகும்.