பனிக்காலத்துக் கதிரவன்

வெயில் சுடும்போது நிழலை நாடுவதும், குளிர் வருத்தும்போது வெயிலை நாடுவதும் மாந்தர் இயல்பு. சுடாத வெயில் ஊறு செய்யாது என்னும் எண்ணம் இவ்வியல்பிலிருந்தே தோன்றியது. அவ்வெண்ணம் பிழையானது என்பதை மனித குலம் கண்ணொளியை இழந்தே அறிந்துகொண்டது.

கி.மு. 401 ஆம் ஆண்டிலே, பாரசீக இளவரசனான சைரசுக்குத் துணையாகப் போருக்குச் சென்ற கிரேக்கப் படையினர் ஏறத்தாழப் பதினாயிரவர், அவன் களத்தில் மாண்டபின் தாயகம் நோக்கித் திரும்பினர். ஆர்மீனிய மலைநாட்டை அவர்கள் கடந்தது கடுங்குளிர்காலம். படைத்தலைவருள் ஒருவரான செனபன் அப்பயணத்தை எழுதிவைத்துள்ளார். குளிரால் கால்விரல் அழுகியவர்களோடு, பனியின் ஒளியால் பார்வை இழந்தவர்களும் வழியிலே கைவிடப்பட்டனர் என்கிறார். கரிய பொருள் ஒன்றைக் கண்முன் பிடித்து நடந்தவர்களுக்கு அத்துன்பம் குறைந்தது என்றும் குறிப்பிடுகின்றார். காரணம் அறியாதபோதும் காப்பினை அவர்கள் கண்டுகொண்டனர்.

வடதுருவத்தை அண்டி வாழும் இனுவிற் மக்கள் இதனினும் சிறந்த காப்பொன்றை வகுத்திருந்தனர். எலும்பையோ, மரத்தையோ, வால்ரசு என்னும் கடல்விலங்கின் தந்தத்தையோ முகத்தோடு பொருந்துமாறு செதுக்கி, பார்ப்பதற்கு ஒடுங்கிய கீறல் மாத்திரம் விட்டனர். கண்ணாடியில்லாத அந்தக் கண்கவசம், நிலத்துப் பனியிலிருந்து தெறிக்கும் ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்தது. நீண்ட இருட்காலம் கழிந்து கதிரவன் மீளும் நாளிலே, வேட்டைக்குச் செல்வோன் அதனை மறந்து செல்லான்.

இவ்வூறு எதனால் விளைகின்றது? 1800 ஆம் ஆண்டிலே வில்லியம் ஏர்செல் என்னும் வானியலறிஞர், கதிரொளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். கண்ணுக்குப் புலனாகாத அவ்விடத்திலே வெப்பம் மிகுந்திருந்தது. மறு ஆண்டு செருமனியிலே யோகான் ரிற்றர் என்பார், ஊதாவுக்கு அப்பால் வெள்ளிக் குளோரைட்டை வைத்தார். அங்கே அது மிக விரைவாகக் கறுத்தது. அவ்விடத்துக் கதிர்களையே இன்று கழியூதாக் கதிர்கள் என்கிறோம். 1889 இல் சுவீடன் நாட்டுக் கண்மருத்துவர் விட்மார்க், கண்ணையும் தோலையும் அழற்சியுறச் செய்வன இக்கதிர்களே எனச் சோதனைகளால் காட்டினார்.

இதனால் ஓர் உண்மை தெளிவாயிற்று. உடலுக்குச் சூடேற்றும் கதிர் நிறமாலையின் ஒருபுறத்தது; தோலை எரிக்கும் கதிர் மறுபுறத்தது. முன்னதை உடல் உணரும். பின்னது உடலிற் பட்டு, சில மணிநேரம் கழிந்த பின்னரே தன் வேலையைக் காட்டும். ஆதலாற் குளிர்ந்த காற்று நமக்கு ஆறுதல் தருமேயன்றிக் காவல் தராது.

அறிந்தவரும் இதிலே தவறினர். 1924 ஆம் ஆண்டு யூன் 4 ஆம் நாள், எவரெஸ்ற் மலையிலே எட்வேட் நோற்றன், ஒட்சிசன் துணையின்றி 8,500 மீற்றருக்கு மேல் ஏறினார். கறுத்த பாறைகளின் நடுவே கண்காப்பு வேண்டியதில்லை எனக் கருதி அதனைக் கழற்றினார். அன்றிரவே கடும் வேதனை தொடங்கிப் பார்வை மறைந்தது. 6 ஆம் நாள் காலை மலோரியும் இர்வினும் சிகரம் நோக்கிப் புறப்பட்டபோது, குழுத் தலைவராகிய நோற்றனால் அவர்களின் முகங்களைக் காண இயலவில்லை. அவ்விருவரும் திரும்பி வரவேயில்லை. நோற்றனுக்கோ பார்வை பின்னர் மீண்டது.

புதுப்பனி தன்மீது படும் கழியூதாக் கதிர்களில் நூற்றுக்கு எண்பது வரை திருப்பி வீசும். புல்வெளி திருப்புவது நூற்றுக்குப் பத்திலும் குறைவு. ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்திற்கும் இக்கதிர் ஏறத்தாழப் பத்து வீதம் மிகுகின்றது. வடநாடுகளிலே குளிர்காலச் சூரியன் தாழ்ந்து நிற்பதால், சமவெளிகளில் இக்கதிர் குறைவு என்பது மெய்யே. ஆயினும் பனி மூடிய உயர்மலைகளில் அக்குறைவை நம்பியிருத்தல் தகாது. நம் இலங்கையோ மத்தியகோட்டை அண்டியது. மார்கழி நண்பகலிலும் யாழ்ப்பாணத்தில் சூரியன் அடிவானிலிருந்து ஐம்பது பாகைக்கு மேல் நிற்கின்றது. நுவரெலியாவின் குளிரோ 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தின் குளிர். அங்கு தேயிலை பறிப்போர் போர்வைக்குள் நடுங்கும் காலையிலும், வானம் தெளிந்துவிட்டால் நண்பகற் கதிர் கடுமையாகவே இருக்கும்.

1992 இல் கனடா நாட்டிலே தொடங்கப்பட்டு உலகெங்கும் பரவிய கழியூதாச் சுட்டெண், இக்கதிரின் கடுமையை எண்ணாற் காட்டுகின்றது. அது மூன்றை எட்டினால் தொப்பியும், கண்காப்பும், உடலை மூடும் ஆடையும் வேண்டும் என்பர் மருத்துவர். வெப்பமானி கூறுவது குளிரின் அளவை. கதிரின் அளவை அது கூறாது. கரிய துணியைக் கண்முன் பிடித்து நடந்த அந்தப் படைவீரன் இவ்விரண்டின் வேறுபாட்டைப் படித்தறிந்தவனல்லன். எனினும் அதன்படி நடந்து தன் கண்களைக் காத்துக்கொண்டான்.