பெருத்தவனுக்கு நடை, மெலிந்தவனுக்குக் காவல்

கோசல நாட்டு அரசன் பசேனதி ஒரு வேளைக்கு ஒரு துரோண அளவு அரிசியைச் சமைத்து உண்பவன் என்கிறது பாலி மொழியில் அமைந்த சங்யுத்த நிகாயம். ஒருநாள் அப்படி உண்டுவிட்டு மூச்சு வாங்கியபடி சாவத்தியில் புத்தரைக் காண வந்தான். அளவறிந்து உண்பவனுக்கு உடல் நோவு குறையும், முதுமையும் மெல்ல வரும் என்ற பொருளில் புத்தர் ஒரு பாடல் சொன்னார். அரசன் தன் பின்னால் நின்றிருந்த சுதஸ்ஸனன் என்ற இளைஞனை அழைத்து, அந்தப் பாடலை மனப்பாடம் செய்துகொண்டு தான் உண்ணும்போதெல்லாம் ஓதும்படி பணித்தான். அதற்குக் கூலி நாளொன்றுக்கு நூறு காசு. உணவு படிப்படியாகக் குறைந்து ஒரு நாழி அரிசியில் வந்து நின்றது. மெலிந்த தன் உடலைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு அரசன் மகிழ்ந்தான் என்று கதை முடிகிறது.

இந்திய இலக்கியத்தில் எடைக் குறைப்பைச் சொல்லும் மிகப் பழைய கதைகளுள் இது ஒன்று. அரசன் வந்து நின்ற அளவின் பெயர் தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று. உலகாளும் வேந்தனும் உறக்கமின்றி விலங்கு தேடும் வேட்டுவனும் உண்பது ஒரே நாழிதான் என்று புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரர் சொல்கிறார். நக்கீரரின் பேச்சு செல்வத்தைப் பற்றியது, உடல்நலத்தைப் பற்றியதன்று. எனினும் பசேனதி கூலி கொடுத்து அடைந்த அளவு, எளியவன் இயல்பாக நின்ற அளவுதான் என்பதை இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் காணத் தவற மாட்டார்.

மருத்துவ நூல்களில் இந்தச் செய்தி இன்னும் வெளிப்படையாக வருகிறது. சரக சம்ஹிதையின் சூத்திரத்தானம் 21ஆம் அத்தியாயம் நிந்திக்கப்படும் எட்டு வகை உடல்களைப் பற்றியது. மிக நெட்டை, மிகக் குட்டை, மிகுந்த மயிர், மயிரின்மை, மிகக் கருமை, மிக வெண்மை ஆகிய ஆறையும் பெயரளவில் சொல்லிவிட்டு, மிகப் பெருத்தவன், மிக மெலிந்தவன் என்ற இருவரிடம் மட்டுமே நூல் நின்று பேசுகிறது. பெருத்தவனுக்கு எட்டுக் குறைகள்: ஆயுள் குறைதல், விரைவின்மை, புணர்ச்சியில் இடர், வலுவின்மை, துர்நாற்றம், வியர்வைத் தொல்லை, அளவிறந்த பசி, அளவிறந்த தாகம். தின்னத் தின்னப் பசி ஏன் கூடுகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. கொழுப்பு உடலின் வழிகளை அடைத்துவிடுவதால் வாயு வயிற்றுக்குள்ளேயே சுழன்று செரிமானத் தீயை ஊதிவிடுகிறது. காட்டுத்தீ காட்டை எரிப்பதுபோல் அது அவனை எரிக்கிறது. உடலியலாக இன்று இது நிற்காது. ஆனால் பெருத்தவனின் பசியைப் பேராசை என்று பழிக்காமல், உடலுக்குள் நிகழும் ஒன்றாகப் பார்த்த பார்வை கவனத்திற்குரியது. காரணங்களின் பட்டியலில் பெற்றோர் வித்தின் இயல்பும் இடம்பெறுகிறது. அளவுமீறிய உணவு, இனிப்பு, நெய்ப்பு, உழைப்பின்மை, பகல் உறக்கம் ஆகியவற்றோடு, எப்போதும் மகிழ்ந்திருத்தலும் எதைப் பற்றியும் கவலைப்படாதிருத்தலும் கூடச் சேர்க்கப்பட்டுள்ளன. இந்தப் பட்டியலில் இருப்பவன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பகலில் உறங்கவும் கவலையின்றி இருக்கவும் அன்று எல்லோராலும் முடிந்ததில்லை.

சிகிச்சை அதன் தலைகீழ்: கண்விழிப்பு, உடற்பயிற்சி, சிந்தனை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். உணவோ வயிற்றில் கனத்து நிற்க வேண்டும், ஆனால் உடலை வளர்க்கக் கூடாது. அவ்வகையில் நூல் அடுக்குபவை தினை, வரகு, யவம், பயறு, கொள்ளு, துவரை, புடல், நெல்லி முதலியவை. 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு இவற்றுள் பல, அரிசியைவிடக் கூடுதல் விலையில் பொட்டலங்களில் கிடைக்கின்றன. முன்னோர் இவற்றை உண்டதால் நலமாக இருந்தார்கள் என்பது அவற்றோடு சேர்ந்து விற்கப்படும் கதை. சரகர் சொல்வது வேறு. முன்னோருள் வசதி படைத்தவர்கள் இவற்றை உண்ணவில்லை. உண்ணாமல் பெருத்தபின் மருந்தாக விதிக்கப்பட்டார்கள்.

காய்கனிகளைப் பற்றியும் இதே எச்சரிக்கை வேண்டும். பழையது, பழுக்காதது, புழு அரித்தது, பனியிலும் வெயிலிலும் கெட்டது, உரிய நிலத்திலும் பருவத்திலும் விளையாதது, அழுகியது ஆகிய பழங்களைச் சரக சம்ஹிதை விலக்குகிறது. ஆக, புதியதையும் பருவத்தில் விளைந்ததையும் போற்றும் மரபு மெய்யாகவே பழையது. கனிகளுள் திராட்சைக்கு முதலிடமும் தருகிறது. ஆனால் கீரையிடம் அதற்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கீரை செரிக்கக் கடினமானது. வேகவைத்து, சாற்றைப் பிழிந்துவிட்டு, நெய்யோ எண்ணெயோ தாராளமாகச் சேர்த்து உண்பதே நல்லது என்கிறது. இஞ்சி, முள்ளங்கி, வெங்காயம் முதலிய சிலவற்றுக்கு ‘ஹரித வர்க்கம்’ என்று தனி வகுப்பு உண்டு. சமைக்காமல் உண்பவை என்பதே அவை கீரையினின்று வேறுபடும் இடம். கிண்ணம் நிறைய பச்சைக் கீரையை மென்று எடை குறைக்கும் இன்றைய வழக்கத்துக்கு வேறு நியாயங்கள் இருக்கலாம், சரகரிடம் சான்று தேடுவது மட்டும் வீண்.

இங்கே ஒரு சொல்லின் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். தமிழில் ‘பத்தியம்’ என்றதும் உப்பும் புளியும் இல்லாத சோறுதான் நினைவுக்கு வரும். விலக்கே அதன் பொருளாகிவிட்டது. இதன் மூலமான ‘பத்ய’ என்ற வடசொல் வழியைக் குறிக்கும் ‘பதின்’ என்பதிலிருந்து வந்தது. வழியினின்று விலகாதது, மனத்துக்கும் உவப்பானது என்று சரக சம்ஹிதை அதற்கு இலக்கணம் சொல்கிறது. வழியும் உவப்பும் போய் விலக்கு மட்டும் எஞ்சியது தமிழில் நேர்ந்த பொருட்குறுக்கம். ‘இலங்கணம்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். உடலை இலேசாக்கும் பத்து வழிகளுக்குப் பொதுப்பெயரான ‘லங்கனம்’ உடற்பயிற்சி, காற்று, வெயில், பட்டினி எல்லாவற்றையும் அடக்கியது. தமிழ் வழக்கில் பட்டினி மட்டும் தங்கிவிட்டது.

நடைக்கு வருவோம். சுசுருத சம்ஹிதையின் சிகிச்சைத்தானம் 24ஆம் அத்தியாயம், உடற் பருமனைக் குறைப்பதில் உடற்பயிற்சிக்கு நிகர் வேறில்லை என்று திட்டமாகச் சொல்கிறது. ஆனால் வலிமையில் பாதி அளவுக்குத்தான் செய்ய வேண்டும். நெஞ்சிலிருக்கும் காற்று வாய் வழியே வரத் தொடங்குவது பாதி வலிமை செலவானதற்கு அடையாளம். கருவி ஏதும் இல்லாத காலத்துக்கு இதைவிட எளிய அளவுகோல் கிடைப்பது அரிது.

அதே அத்தியாயம் ஒரு கூரிய வேறுபாட்டையும் செய்கிறது. உடலை வருத்தாத உலாவல் ‘சங்கிரமணம்’; ஆயுளும் அறிவும் செரிமானமும் அதனால் வளரும். வழிநடைப் பயணம் ‘அத்வா’. நிறம், கபம், பருமன், மென்மை ஆகிய நான்கையும் அது அழிக்கும். உட்கார்ந்திருத்தல் எதைத் தரும் என்ற கேள்விக்கு நூல் தரும் விடையிலும் அதே நான்கு சொற்கள் வருகின்றன: நிறம், கபம், பருமன், மென்மை. கூடவே சுகமும். பருமனும் மேனி மினுக்கும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. உட்கார்ந்து வாழ முடிந்தவனின் உடல் அது. நடந்து பிழைப்பவனின் உடலில் நான்கும் தங்குவதில்லை.

நீரிழிவைப் பற்றிய 11ஆம் அத்தியாயத்தில் இது முழு உருவம் பெறுகிறது. அந்நோயாளர் இருவகை. ஒருவன் பிறவியிலேயே நோயுற்றவன், மெலிந்தவன், குறைவாக உண்பவன். மற்றவன் தவறான உணவால் நோயுற்றவன், பெருத்தவன், நிறைய உண்பவன், இருக்கையும் படுக்கையும் விரும்புபவன். முன்னவனை ஊட்டி வளர்க்க வேண்டும், பின்னவனை வற்றச் செய்ய வேண்டும். நோய் முற்றியவர்க்கு மற்போர், விளையாட்டு, யானை குதிரை ஏற்றம், நடை, படைக்கலப் பயிற்சி ஆகியவை சொல்லப்படுகின்றன. யானை இல்லாதவர் என்ன செய்வது என்பதையும் நூல் யோசித்திருக்கிறது. பொருளும் உறவும் இல்லாதவன் செருப்பும் குடையும் இன்றி, இரந்துண்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல், முனிவனைப்போல் நூறு யோசனை தூரமோ அதற்கு மேலோ நடக்க வேண்டும். யோசனையின் நீளம் நூலுக்கு நூல் மாறும். எப்படிக் கணக்கிட்டாலும் அது சில நூறு மைல். பெருஞ்செல்வனாயின் காட்டுத் தானியங்களையும் நெல்லி, விளா, தும்பிலி முதலிய கனிகளையும் உண்டு மான்களோடு வாழ வேண்டும். பிராமணன் கதிர் பொறுக்கி வாழ வேண்டும். ஏனையோர் கிணறு தோண்ட வேண்டும்.

எவருக்கு எது என்பதைச் சாதியும் செல்வமும் முடிவு செய்கின்றன. செல்வனுக்குக் கனியும் கானும், மற்றவனுக்கு மண்வெட்டி. இதை மறைத்துவிட்டு நூலைப் போற்றுவது நேர்மையாகாது. எனினும் எல்லா விதிகளும் ஒரே திசையில்தான் நோயாளியைத் தள்ளுகின்றன: இல்லாதவன் அன்றாடம் வாழும் வாழ்க்கையின் பக்கம். அதனாலேயே அந்த அடுக்கின் இறுதியில் வரும் சிறு தொடருக்கு எடை அதிகம். மெலிந்தவனை எப்போதும் காக்க வேண்டும் என்பது அத்தொடர். பருமனையும் மெலிவையும் ஒப்பிட்டு மெலிவே மேல் என்று சொல்லும் சரகரும், மெலிந்தவனைக் கவனிப்பாரின்றி விட்டுவிடவில்லை. எளிதில் செரித்து உடலை வளர்க்கும் உணவு அவனுக்கு விதிக்கப்படுகிறது.

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களுள் 24 சதவீதத்தினர் மிகை எடை அல்லது பருமன் கொண்டவர்கள் என்று கண்டது. இந்தப் பாதியைச் சுற்றி நடைப் போட்டிகளும் உணவுத் திட்டங்களும் கைப்பேசிச் செயலிகளும் பெருகியிருக்கின்றன. அதே கணக்கெடுப்பில் அதே வயதுப் பெண்களுள் ஏறத்தாழ 19 சதவீதத்தினரின் உடல், இயல்பான அளவினும் மெலிந்திருந்தது.