லோட்டெல் (பாரிஸ்)

லோட்டெல் என்பது பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிசில், செய்ன் ஆற்றின் இடது கரையில் அமைந்துள்ள ஒரு சிறிய ஆடம்பரத் தங்குவிடுதி ஆகும். 20 அறைகளைக் கொண்ட இது, புகழ்பெற்ற நுண்கலைக் கல்லூரிக்கு அருகில், 13, போசார் தெருவில் உள்ளது. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் இறந்த இடமாக இது பெரிதும் அறியப்படுகிறது.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட இக்கட்டிடத்தில் முன்னர் 'ஓட்டெல் தால்சாஸ்' என்ற மலிவான விடுதி இயங்கியது. 1897இல் ஆங்கிலேயச் சிறையிலிருந்து விடுதலையான வைல்ட், செபாஸ்டியன் மெல்மாத் என்ற மாற்றுப்பெயருடன் பிரான்சில் வாழ்ந்தார். வறுமையுற்ற நிலையில் இவ்விடுதியில் தங்கியிருந்த அவர், 1900 நவம்பர் 30 அன்று தமது 46ஆவது வயதில் இங்கு காலமானார். அப்போது விடுதிக்கு அவர் செலுத்தவேண்டிய கட்டணம் நிலுவையில் இருந்தது.

1967இல் இக்கட்டிடம் புதுப்பிக்கப்பட்டு, லோட்டெல் என்ற பெயரில் ஆடம்பர விடுதியாகத் திறக்கப்பட்டது. கட்டணம் செலுத்த இயலாதிருந்த வைல்டின் பெயரே பின்னர் இங்குள்ள சிறப்பு அறை ஒன்றுக்கு இடப்பட்டது.

பிற எழுத்தாளர்கள்

அர்ஜென்டின எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் தமது முதுமைக் காலத்தில் இங்கு பலமுறை தங்கினார். வைல்டின் 'மகிழ்ச்சியான இளவரசன்' கதையைச் சிறுவயதிலேயே எசுப்பானிய மொழியில் பெயர்த்தவர் இவர். இருவரது நினைவாகவும் விடுதியின் முகப்பில் நினைவுக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன.